தென்னஞ்சர்க்கரை: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாம்பரம் சண்முகம் சாலைக் கடைவீதியிலோ, சேலையூர், மேடவாக்கம் பக்கத்து ஆர்கானிக் கடைகளிலோ இனிப்புக்கென்று ஏதாவது வாங்கப் போனால் அலமாரி நிறைய வகைகள் இருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, உருண்டை வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன். அந்த வரிசையில் புதிதாக இடம் பிடித்தவை இரண்டு. பழுப்பு நிறத்தில் மணல் மணலாக இருக்கும் தென்னஞ்சர்க்கரை ஒன்று. பாட்டிலில் தேன் போல வரும் தென்னம்பாகு இன்னொன்று. வெள்ளைச் சர்க்கரையைவிடப் பல மடங்கு விலை. தயங்கி நின்றால், "சுகர் இருக்கிறவங்களும் தைரியமா சாப்பிடலாம்மா" என்று கடைக்காரர் சொல்வார்.

பலர் வாங்குவது அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். வீட்டில் அப்பாவுக்கோ மாமியாருக்கோ சர்க்கரை நோய் இருக்கும். காபியில் ஒரு கரண்டி இனிப்பு இல்லாமல் அவர்களுக்கு முடியாது. அவர்களுக்காகத்தான் காசைப் பார்க்காமல் வாங்குகிறார்கள். அதனால் அந்த வாக்கியம் சரிதானா என்று பார்த்தாக வேண்டும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னஞ்சர்க்கரை நல்ல பொருள். ருசியானது, அதிகம் சுத்திகரிக்கப்படாதது, தென்னை விவசாயிக்கு வருமானம் தருவது. ஆனால் அது சர்க்கரை. சர்க்கரை நோயாளி தைரியமாகச் சாப்பிடக்கூடிய பொருள் அல்ல. ஏன் என்பதை மரத்திலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

பாளையிலிருந்து வரும் இனிப்பு

தென்னஞ்சர்க்கரைக்கும் தேங்காய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. தேங்காய்ப் பருப்பிலிருந்தோ இளநீரிலிருந்தோ அது வருவதில்லை. தென்னையின் பூங்கொத்து விரிவதற்கு முன்பு, பாளை மூடியிருக்கும் பருவத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. மரமேறுபவர் பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றுவார். சில நாட்களுக்கு அதை மெதுவாகத் தட்டிக்கொடுப்பார். பாளை வெடித்துவிடாமல், உள்ளே இருக்கும் பூக்கள் மட்டும் நசுங்கிச் சாறு ஊறும்படி அளவாகத் தட்ட வேண்டும். பிறகு நுனியைக் கூரான கத்தியால் மெல்லிய வில்லையாகச் சீவுவார். சீவிய முகத்திலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக வடியும். அடியில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். காலையும் மாலையும் ஏறி, மறுபடி ஒரு வில்லை சீவினால்தான் சாறு நிற்காமல் வரும். ஒரு பாளை ஒரு மாதத்துக்கு மேலும் இப்படிச் சுரக்கும். நல்ல மரம் ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தரும்.

இந்தச் சாறுதான் நீரா. காய்க்குப் போக வேண்டிய இனிப்பு முழுவதும் இதில் இறங்கிவிடுவதால், சீவிய பாளையில் தேங்காய் காய்க்காது. விவசாயி காயை விட்டுக்கொடுத்துத்தான் சாறு எடுக்கிறார்.

புதிதாக இறக்கிய நீராவில் சுமார் 15 சதவீதம் சர்க்கரை இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதோடு கொஞ்சம் தாது உப்புகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள்.

நீராவும் கள்ளும்

காற்றில் மிதக்கும் ஈஸ்டுக்கு இந்தச் சாறு மிகவும் பிடிக்கும். கலயத்தில் விழுந்த நொடியிலிருந்தே புளிக்கத் தொடங்கிவிடும். முதலில் ஈஸ்ட் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும். பிறகு அவற்றைச் சாராயமாக மாற்றும். அப்போது அது கள். இன்னும் சில நாள் விட்டால் வினிகர் ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் இதெல்லாம் வேகமாகவே நடக்கும்.

புளிப்பைத் தடுக்க நம் முன்னோர் கண்ட வழி சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடையும், ஈஸ்ட் வளராது. பனைமரத்துப் பதநீரும் இப்படித்தான் பதநீராகவே நிற்கிறது. கேரளத்தில் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியைக் கொண்டுவந்தது. பாளையின் நுனியில் பனிக்கட்டி நிரப்பிய ஒரு பெட்டியைப் பொருத்தி, வடியும் சாற்றை உடனுக்குடன் குளிரவைக்கிறார்கள். சுண்ணாம்பு தேவையில்லை, பூச்சியும் தூசியும் விழுவதில்லை. இப்படிக் கிடைக்கும் பொன்னிறச் சாற்றுக்கு அந்த நிறுவனம் 'கல்பரசா' என்று பெயர் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை இருக்கிறது. நீராவுக்கும் கள்ளுக்கும் மூலச் சாறு ஒன்றே என்பதால், தென்னையில் நீரா இறக்குவதும் நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. விவசாயிகள் பல ஆண்டுகள் கேட்ட பிறகு, 2017-ல் மாநில அரசு உரிமம் பெற்று நீரா இறக்க அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2016-ல், சுருள் வெள்ளை ஈ என்ற புதிய பூச்சி இந்தியாவில் முதன்முதலாகப் பொள்ளாச்சித் தென்னைகளில் தென்பட்டது. பூச்சி, வறட்சி, வாடல் நோய், தேங்காய் விலைச் சரிவு என்று அடிமேல் அடி வாங்கிய விவசாயிக்கு, காயைத் தவிர இன்னொரு வருமானம் வேண்டியிருந்தது. கடை அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

அடுப்பில் நடப்பது

நீராவை வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். நுரை பொங்கப் பொங்கக் கிளறி, தண்ணீரை வற்றவைக்க வேண்டும். கொழகொழவென்று தேன் பதம் வரும்போது இறக்கினால் தென்னம்பாகு. இன்னும் காய்ச்சினால் 115 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் பாகு இறுகும். அப்போது அடுப்பிலிருந்து இறக்கி, கை ஓயாமல் கிளறினால் பாகு உடைந்து குருணையாகும். சலித்து உலர்த்தினால் தென்னஞ்சர்க்கரை. அச்சில் ஊற்றி ஆறவிட்டால் தென்னை வெல்லம். மூன்றும் ஒரே சாறு. வேறுபடுவது மிச்சமிருக்கும் ஈரம் மட்டுமே.

சாறு சற்றே புளித்திருந்தாலும் இந்த வேலை கெட்டுவிடும். சுக்ரோஸ் உடைந்துபோன சாறு எவ்வளவு காய்ச்சினாலும் குருணையாகாது, பிசுபிசுவென்றே நிற்கும். சாறு புத்தம் புதிதாக இருந்தால்தான் நல்ல சர்க்கரை கிடைக்கும்.

ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏழெட்டு லிட்டர் நீரா தேவை. அதாவது நான்கு மரங்களின் ஒரு நாள் சுரப்பு. அந்த நான்கு மரங்களிலும் காலை, மாலை ஏறி இறங்கும் உழைப்பு, மணிக்கணக்கில் எரியும் அடுப்பு, கிடைக்காமல் போன தேங்காய் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. அதனால் விலை அதிகம் என்று குறைப்பட வழியில்லை. விலை மிகக் குறைவாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

35-ஆ, 54-ஆ?

இனி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற கூற்றுக்கு வருவோம். அது நிற்பது கிளைசெமிக் குறியீடு என்ற ஒற்றை எண்ணின் மேல். ஒரு உணவைச் சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. குளுக்கோஸுக்கு 100. வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறக்குறைய 65. 55-ம் அதற்குக் கீழும் குறைவு. 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

பிலிப்பைன்ஸ் நாட்டு அரசின் உணவு, ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம் தென்னஞ்சர்க்கரையை ஆராய்ந்து 35 என்று சொன்னது. உலகம் முழுக்க விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். சோதனையில் கலந்துகொண்டவர்கள் பத்துப் பேர். சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு சோதித்தபோது 54 வந்தது. குறைவு என்ற வகைக்குள் மயிரிழையில் நுழையும் எண் அது. ஏற்றுமதிக்காகத் தென்னஞ்சர்க்கரை செய்யும் நாட்டின் எண்ணைவிட இரண்டாவதை வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். காபியில் போடும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை நான்கு கிராம். அதில் இருக்கும் மாவுச்சத்தைக் குறியீட்டோடு பெருக்கி நூறால் வகுத்தால் ரத்தத்தில் ஏறும் சுமை தெரியும். வெள்ளைச் சர்க்கரைக்கு அது சுமார் 2.6, தென்னஞ்சர்க்கரைக்குச் சுமார் 2. வித்தியாசம் அரைப் புள்ளிதான். மத்தியானம் தட்டில் விழும் 200 கிராம் வெள்ளைச் சோற்றின் சுமையோ நாற்பதை நெருங்கும். கரண்டியை மாற்றி அரைப் புள்ளி மிச்சம் பிடிப்பதைவிட, சோற்றில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வைத்தால் பலன் பல மடங்கு.

தென்னஞ்சர்க்கரையில் 70 முதல் 80 சதவீதம் வரை சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். மீதியில் கொஞ்சம் குளுக்கோஸ், கொஞ்சம் ஃப்ரக்டோஸ். இனுலின் என்ற நார்ச்சத்து சிறிதளவு இருப்பதால்தான் சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறைகிறது என்கிறார்கள். கலோரியோ கிராமுக்கு நான்கு என்ற அதே கணக்குதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு என்று ஐ.சி.எம்.ஆர். நிதியுதவியோடு சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த ஆய்வு 2023-ல் சொன்னது. ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒரு மருந்துக்கடை இருக்கும் தாம்பரத்தில் அந்த எண்ணை நாம் நேரிலேயே பார்க்கிறோம். இவ்வளவு பேரிடம் ஒரு சர்க்கரையை மருந்து மாதிரி விற்பது தவறு.

சத்துக்களின் கணக்கு

"இரும்பு, துத்தநாகம், பொட்டாசியம் நிறைந்தது" என்று பாட்டிலில் அச்சிட்டிருக்கும். பொய்யல்ல. 100 கிராம் தென்னஞ்சர்க்கரையில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் பொட்டாசியமும் இரண்டு மில்லிகிராம் அளவுக்கு இரும்பும் இருப்பதாக பிலிப்பைன்ஸ் ஆய்வு கூறுகிறது. வெள்ளைச் சர்க்கரையில் இவை கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் நாம் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு தேக்கரண்டியில் கிடைக்கும் பொட்டாசியம் சுமார் 40 மில்லிகிராம். ஒரு வாழைப்பழம் அதைப் போல எட்டு, பத்து மடங்கு தரும். அதே கரண்டியில் இரும்பு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது இந்தியப் பரிந்துரை. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஒரு கொத்து பறித்துப் பொரியல் செய்தால் அந்தத் தேவைக்கு இன்னும் உருப்படியாக உதவும். சத்துக்காகச் சர்க்கரை சாப்பிட வேண்டாம்.

பாகு வாங்குகிறவர்களுக்கு

பாகில் தண்ணீர் இருப்பதால் அது சர்க்கரையைவிட லேசு என்று பலர் நினைக்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் உண்மைதான். கரண்டிக் கணக்கில் உண்மையில்லை. ஒரு தேக்கரண்டிப் பாகு ஏழு கிராம் வரை கனக்கும். அதில் முக்கால் பங்கு சர்க்கரை என்றால் ஐந்து கிராம். ஒரு கரண்டிச் சர்க்கரைக்கு அது சமம், சில சமயம் கூடுதல். தோசை மேல் வளைத்து வளைத்து ஊற்றும்போது இரண்டு மூன்று கரண்டி போய்விடும், கைக்குத் தெரியாது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுவதே நல்லது.

நம் வட்டாரத்தின் மரம்

தென்னஞ்சர்க்கரை பற்றிப் பேசும்போது பனையை மறக்க முடியாது. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இன்றும் நிற்பது பனை. கோடை வந்தால் ஜி.எஸ்.டி. சாலையோரம் நுங்கும் பதநீரும் வந்துவிடும். தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே. 2021-ல் தாக்கலான மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. தெற்கே தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே மரச் சர்க்கரையின் பெருமையைப் பேசியவர் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா. கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனையோ கரட்டு நிலத்தில் தானாக வளரும். சர்க்கரையை மரத்திலிருந்து எடுத்துக்கொண்டால் நல்ல நிலத்தைத் தானியத்துக்கு விடலாம், கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கும் வேலை கிடைக்கும் என்பது அவர் வாதம். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்து பழகிய தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்கு அந்த வாதம் இன்று இன்னும் நன்றாகப் புரியும்.

உடம்பைப் பொறுத்தவரை, கருப்பட்டிக்கும் தென்னஞ்சர்க்கரைக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இரண்டும் பாளைச் சாறு, இரண்டும் பெரும்பாலும் சுக்ரோஸ். நாட்டுச் சர்க்கரை கரும்பிலிருந்து வருவது, அதுவும் அப்படியே. தேனும் இதே பட்டியலில்தான். பனங்கற்கண்டு குழந்தைக்கு நல்லது என்று பாலில் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் நிறைய உண்டு. இரண்டு வயது வரை எந்தச் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்பதே குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை.

கடையில் பார்க்க வேண்டியவை

விலை கூடிய பொருளில் கலப்படமும் கூடும். கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றுவது பழைய பிரச்சினை. தென்னஞ்சர்க்கரை வாங்கும்போது முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் பட்டியலில் தென்னை நீரா என்ற ஒன்று மட்டும் இருக்க வேண்டும். கரும்புச் சர்க்கரை, குளுக்கோஸ் பாகு என்று ஏதாவது சேர்ந்திருந்தால் விட்டுவிடலாம். உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த நாள், செய்தவர் முகவரி மூன்றும் இருக்கட்டும். தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களின் பெயர் இருந்தால் இன்னும் நல்லது; காசு மரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்.

நிறம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். காய்ச்சிய சூட்டையும் சாற்றின் பருவத்தையும் பொறுத்தது அது. ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், மழைக்காலத்தில் கட்டி தட்டாமல் இருக்க இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

"சுகர் ஃப்ரீ", "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது" என்று எழுதியிருந்தால் அந்தப் பொட்டலத்தை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். சர்க்கரையில் சர்க்கரை இல்லாமல் போகாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் எந்த இனிப்பைச் சேர்ப்பதானாலும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்வது அவசியம்.

எவ்வளவு சேர்க்கலாம்?

சேர்க்கும் சர்க்கரை நம் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. தேன், பாகு, பழச்சாறு எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், ஆறு தேக்கரண்டி. இரண்டு கரண்டி போட்டு மூன்று காபி குடித்தால் அதோடு சரி.

தென்னஞ்சர்க்கரை இங்கே ஒரு உதவி செய்யும். அதற்கென்று கருகிய பாகு போன்ற ஒரு மணம் உண்டு. எல்லாவற்றிலும் கொட்டாமல், அந்த மணம் தெரியும் இடத்தில் மட்டும் போட்டால் குறைந்த அளவே திருப்தி தரும். தேங்காய்ப்பால் விட்ட பாசிப்பருப்புப் பாயசம், ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை எல்லாவற்றுக்கும் அது அருமையாகப் பொருந்தும். பால் சேர்த்த பாயசத்தில் மட்டும் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு கலக்குங்கள். வெல்லத்துக்குச் செய்வது போலவே, பால் திரியாமல் இருக்க.

வீட்டுக்கணக்கு இன்னும் எளிது. ஆளுக்கு 25 கிராம் என்றால் மாதத்துக்கு 750 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மூன்று கிலோ. வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன், தென்னஞ்சர்க்கரை எல்லாம் சேர்த்து இந்த மூன்று கிலோதான். பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் இனிப்புக் கடையிலும் போவதும் அதற்குள் அடக்கம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். அடுத்த மாத மளிகைச் சீட்டு எழுதும்போது முதலில் மொத்த எடையைக் குறைத்து எழுதுங்கள். குறைத்த அளவில் மிச்சமாகும் பணத்தில் கால் கிலோ நல்ல தென்னஞ்சர்க்கரையோ உடன்குடிக் கருப்பட்டியோ வாங்குங்கள். உடம்புக்கும் நல்லது; மரம் ஏறியவருக்கும் கூலி போய்ச் சேரும்.